அறுபத்து மூன்றாவது பதிவு

திருமதி வெஸ்ட்கார்ட்,
வேலைநீக்கக் கடிதத்தில் நீங்கள் எழுதிய சொல்
நாணயமின்மை.
பதினாறு வருடம் எடை போட்டவன் நான்.
அந்தச் சொல் எத்தனை கிலோ என்று
கையில் வாங்கும்வரை தெரியவில்லை.

சஸ்காச்செவனில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை
எடைமேடைக்கு வரும் சரக்கு இரண்டு.
ஒன்று கோதுமை.
மற்றது யாரும் விதைக்காதது.

லாரி நிறைந்து வரும், நிறுப்பேன்.
கொட்டிவிட்டு வரும், திரும்ப நிறுப்பேன்.
முன்னதில் பின்னது போனால் விவசாயியின் காசு.
ஐந்தாம் வகுப்புக் கணக்கு.
ஆனால் வெளியேறும் வரிசையில்
காலி லாரி முக்கால் மணி நேரம் நிற்கும்.
மூடாத தொட்டிக்குள் பனி விழும்.
ஒரு விரற்கடைப் பனி, நாற்பது கிலோ.
அந்த நாற்பதும் அவன் கோதுமையில் குறையும்.
வானம் போட்டதற்கு அவன் விலை கொடுப்பான்,
லாபம் நமக்கு.
நமக்கு. பாருங்கள்,
இன்னும் அப்படித்தான் வருகிறது வாயில்.

நான் ஏணியில் ஏறினேன்.
மரக்கோலை விட்டு ஆழம் பார்த்தேன்.
திரை காட்டிய எண்ணை அடித்துவிட்டு
பனி போக எழுதினேன்.
ஒளித்து எழுதவில்லை,
பக்கத்தில் என் முதலெழுத்தைப் போட்டு எழுதினேன்.
அறுபத்து மூன்று முறை என்கிறது தணிக்கை.
எண்ணிக்கை சரி.

அவர்களிடம் என்ன வாங்கினீர்கள் என்று
போன தடவை கேட்டீர்கள்.
வாங்கினேன்.
நெல்ஸ் ஒஸ்த்போ ஒரு முறை
மான்கறித் தொத்திறைச்சி கொடுத்தார்.
உப்பு அதிகம்.

இதோ வானிலை நிலையத்தின் தாள்கள்.
தேதி, மணி, பெய்த அளவு.
என் எண்களோடு வைத்துப் பாருங்கள்.
முன்னே பின்னே இருக்கும், மரக்கோல்தானே.
மொத்தம் அறுபத்திரண்டு தாள்.

பக்கத்தில் இருக்கும் சங்கத்துக் கோரின்
மேசைக்கடியில் என் காலை மிதிக்கிறாள்.
கேட்டால் சொல், கேட்காததைச் சொல்லாதே
என்றிருந்தாள் காரில்.
நல்ல யோசனைதான்.
நேற்றிரவு முழுக்க
அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன்.

பிப்ரவரி பதினெட்டு.
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
ஒரு பொட்டுப் பனி இல்லை.
எஸ்தர் வீபேயின் காலி லாரியில்
அறுபது கிலோ கழித்து எழுதினேன்.
அதற்கு முந்தைய வியாழன் கொட்டிய பனியில்
அவளுக்குக் கழிக்க மறந்துவிட்டேன், பல்வலி.
அன்று எடுத்ததை
வெயிலடித்த நாளில் திருப்பிக் கொடுத்தேன்.
சாட்சியா? அவளுக்கே தெரியாது.
தாளா? இல்லை.
இதை நம்ப வேண்டுமானால்
மற்ற அறுபத்திரண்டையும் நம்ப வேண்டும்.
இதை நம்பாவிட்டால்

கோரின் காலை எடுத்துவிட்டாள்.

திருமதி வெஸ்ட்கார்ட் பேனாவை மூடினார்.
முடிவு பத்து வேலை நாளில்
எழுத்தில் வரும் என்றார்.
முகவரி மாறவில்லையே என்று கேட்டார்.

வெளியே பெய்துகொண்டிருந்தது.
காருக்குப் போக எடைமேடையைத் தாண்ட வேண்டும்.
என் ஜன்னலில் புதுப் பையன்,
கை தூக்கினான், பாதியில் இறக்கிக்கொண்டான்.
மேடை நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன், பழக்கம்.
சிவப்பு எழுத்தில் எண்பது.
தொப்பியிலும் தோளிலும்
விழுந்தது உட்பட.