பெரட்டு

மண்ணில் இறங்கக் கால் கீழே. பச்சை விளக்கு.
நீரில் இறங்கக் கால் மேலே. நீல விளக்கு.
குழந்தைக்குச் சொன்னாலும் புரியும்.
ஆறாயிரம் மணி நேரம் பறந்தவள்தான் மறக்கிறாள்.

கிரிக் டவுன் தாண்டி, செம்பனைக்கு நடுவே என் புல் ஓடுபாதை.
ஏரிக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஃபிளாஸ்க் தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்
என்கிற சலுகை எனக்கில்லை.
புல்லில் சக்கரம் மறந்தால்
மிதவை கொஞ்சம் புல்லைச் சிரைக்கும்,
தோட்டமே வந்து வேடிக்கை பார்க்கும்.
நீரில் நீட்டிக்கொண்டு போனால்
ஏரி மூக்கைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.
பெல்ட்டில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
கதவு எந்தப் பக்கமென்று தேடவேண்டும்.

பூசம் முடிந்த வாரம்.
கிளினிக் வேதமுத்து பக்கத்து இருக்கையில்,
மடியில் தடுப்பூசிப் பெட்டி,
வாயில் மகளுக்கு ஜித்ராவில் வரன் பார்த்த கதை.
நான் ம் கொட்டினேன்.
எச்சரிக்கைக் குரல் என்னவோ சொன்னது;
அது எப்போதும் என்னவோ சொல்லும்.
நான்கு பச்சையையும் பார்த்து
நீலம் என்றேன்.
பொய்யில்லை. அப்படித்தான் தெரிந்தது.

முந்நூறு அடியில் அவர் கதையை நிறுத்தினார்.
"தங்கச்சி, இறக்கைக் கண்ணாடியில சக்கரம் தெரியுதே,
தண்ணியில உருளுமா அது?"

எஞ்சின் அலற மேலே ஏறினோம்.
இரண்டாம் சுற்றில்
மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று அவரே தொடர்ந்தார்.

விடியுமுன் தோட்டத்தில் பெரட்டு எடுப்பார்கள்.
இப்போது வங்காளதேசத்து ஆட்கள், நேப்பாளிகள்;
தூங்குகிறவனுக்குப் பக்கத்து ஆள்
"இருக்கேன்" சொல்வது மட்டும் மாறவில்லை.
விவரமான மண்டோர்
டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்ப்பார்.

நானும் இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்:
இடது முன், இடது பின்,
வலது முன், வலது பின்.
விளக்கு பக்கத்து ஆள். அதன் சொல் செல்லாது.
கண்ணாடியில் முகம் தெரியவேண்டும்,
அல்லது தெரியாமல் இருக்கவேண்டும்.
"அண்ணே, கீழே என்ன?"
"தண்ணி."
"சக்கரம்?"
"காணோம்."

நேற்று அடைமழை.
திரும்பி வந்தால் ஓடுபாதையைக் காணவில்லை.
கணுக்கால் தண்ணீரில் வானம் படுத்திருந்தது.
"அண்ணே, கீழே என்ன?"
வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
வெகுநேரம் பார்த்தார்.
"கோல் கம்பம் நிக்குதும்மா. திடல்தான்."

லீவரை இறக்கினேன்.
பச்சை. பச்சை. பச்சை.
நான்காவதுக்கு
இருவரும் மூச்சைப் பிடித்திருந்தோம்.