மற்றவை

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியிலிருந்து
பாலக்காட்டுக்குப் போவது ஒரே கம்பி.
அதில் யார் முன்னால், யார் பின்னால் என்று
எழுதிக் கொடுத்தவள் நான்.
பேச்சு முதல். கேமராப் படம் அடுத்தது.
மீதி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தேன்:
மற்றவை.

கணக்கு சரியாகத்தான் வந்தது.
சராசரிக் காத்திருப்பு பதினெட்டு மில்லிவினாடி,
இமைப்பொழுதில் எட்டில் ஒரு பங்கு என்று
கோயம்புத்தூரில் படம் போட்டுக் காட்டினேன்.
சராசரிக்கு யாரும் கைதட்டியதில்லை,
அன்றைக்குத் தட்டினார்கள்.

ஓணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் கூப்பிட்டார்கள்,
நெட் மெதுவாம்.
பொள்ளாச்சி ரோட்டில் வளைவு தாண்டியும்
பால் டேங்கர்கள்.
லாபில் ப்ரஸீதா ஆறே நிமிடத்தில் சோதித்துவிடுகிறாள்.
முடிவுதான் போய்ச் சேரவில்லை.
எத்தனை பெரிய தாள் என்று பார்த்தேன்:
நாற்பது கிலோபைட்,
ஒரு கல்யாண ஃபோட்டோவில் மணமகளின் காதளவு.
பண்டிகைக்கென்று கூடுதலாக மாட்டிய எட்டு கேமராக்கள்
காலி ரோட்டையும் ஒரு கிடாயையும்
விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தன
அதற்கு முன்னால்.

எடைமேடையில் ஏறிவிட்ட வாழைத்தார் லாரியை
ஆம்புலன்ஸே வந்தாலும் பாதியில் இறக்கமாட்டார்கள்.
கம்பியிலும் அப்படித்தான்.
அந்த மிச்ச நேரத்தைக்கூடச்
சமன்பாட்டில் சேர்த்திருந்தேன்.

ஆறுச்சாமி டேங்கரிலிருந்து இறங்கி வந்தார்.
“ஏனுங்க, வெடியால நாலு டிகிரில ஏத்துனது.
இப்ப ஒம்பது.
உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியுங்ளா?”

தெரியாது.
கம்பி அதே கம்பியாக இருக்கும்வரை
ஒரு நெற்றியில் துடைத்த காத்திருப்பை
இன்னொரு நெற்றியில்தான் தடவ முடியும்.

எடைமேடைச் சுவரில் மடிக்கணினியை வைத்து
லாபின் தாளை மேலே ஏற்றினேன்.
இடம் வேண்டுமே,
கேமராக்களையும்
ஆபீஸ் ஃபோனில் வராத பேச்சையும்
மற்றவையில் இறக்கினேன்.
நாற்பது வினாடியில் ஆறுச்சாமிக்கு அனுமதி.
ஹாரனை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.
நன்றியா, கோபமா, தெரியவில்லை.

ராத்திரிக் காவலுக்கு வந்த ஷிஜு
மகளிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான்.
திறந்த வாயோடு
அவள் அப்படியே நின்றுவிட்டாள்.
ஃபோனை ஜன்னலுக்கு உயர்த்தினான்,
வெளியே போய் ரோட்டுக்கு உயர்த்தினான்.
“சிக்னல் போயி” என்றான் என்னைப் பார்த்து.

மடிக்கணினியை மூடிக்கொண்டே
ஆமாம் என்றேன்.