ஒன்றரைப் பாகை

மரீன்யா கிராண்டே. இரவு ஷிப்ட்.
ஏழாம் எண் எந்திரம் என்னுடையது.
முப்பத்தெட்டு விநாடிக்கு ஒருமுறை
எஃகு வாய் திறக்கும்,
நான் கை நீட்டுவேன்.

மருத்துவமனைப் படுக்கையருகே வைக்கும்
தண்ணீர்க் குவளை.
மாடியில் வரைந்தார்கள்.
திரையில் பார்த்திருக்கிறேன், அழகுதான்:
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாற்போல்
நேர் நின்ற சுவர்கள்.

அச்சு அதை விடவில்லை.
ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும்,
உள்ளிருக்கும் எஃகைக் கட்டிக்கொள்ளும்
பள்ளி வாசலில் பிள்ளை
தாயின் காலைக் கட்டிக்கொள்வதுபோல.
பித்தளைக் கம்பியால் நெம்பினேன்.
ஒவ்வொன்றின் உட்சுவரிலும்
பூனை நகம் இழுத்த கீறல்.

கறுப்பு மையால் குவளைமேலேயே எழுதினேன்:
சுவர் கொஞ்சம் சாயட்டும்.
படிவத்திலும் எழுதினேன், "மற்றவை" என்ற கட்டத்தில்.
மூன்று வாரம் கழித்துப் பதில்:
எந்திரத்தின் வெப்பத்தைச் சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன். எந்திரம் நலம்.

மாடிக்கும் எங்களுக்கும் நடுவே
இருபத்துமூன்று படிகள்.
ஒரு வியாழன், விடியுமுன்,
படிக்கொன்றாக வைத்தேன்
கீறல் விழுந்த குவளைகளை.
வேலை போய்விடும் என்றான் எலாதியோ.
போகட்டும் என்றேன்.
அப்போது முழங்கால் நடுங்கியது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டரைக்கு வந்தாள் லியோனோர் வியேகாஸ்.
வரைந்தவள் அவள்தான் என்று எனக்குத் தெரியாது.
முதல் படியில் குனிந்தாள்.
இரண்டாம் படியில் குனிந்தாள்.
ஒன்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.
பிறகு ஏறவில்லை, இறங்கினாள்.

கையுறை கேட்டாள். கொடுத்தேன்.
தன் குவளையைத் தானே உருவப் பார்த்தாள்.
வரவில்லை.
காலை ஊன்றி இழுத்தாள்.
வந்தது, அவளும் கூடவே தரைக்கு.
நாங்கள் சிரிக்கவில்லை.
அவள்தான் முதலில்.

"எவ்வளவு சாய வேண்டும்?"
"ஒன்றரைப் பாகை."
"கண்ணுக்குத் தெரியுமா?"
"கைக்குத் தெரியும்."

எஃகை மறுபடி செதுக்க ஐந்து வாரம்.
மாடியில் கணக்குப் பார்த்தவர்கள்
என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்களாம்.

இப்போது அவள் மேசை
தூணுக்கும் எட்டாம் எந்திரத்துக்கும் இடையில்.
திரையில் எப்போதும் ஒரு துளி எண்ணெய்.
சண்டை ஓயவில்லை.
பிடியின் வேரில் கனத்தைக் குறை,
வெளிப்பக்கம் குழி விழுகிறது என்கிறேன்.
குறைத்தால், நடுங்கும் கையோடு
ஒருத்தி இரவில் எட்டி எடுக்கையில்
முறியுமே என்கிறாள்.

நான் அந்தக் கையை நினைத்ததே இல்லை.
பதினாறு ஆண்டில்
எத்தனை ஆயிரம் குவளை உருவியிருப்பேன்,
யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

பிடியைக் குடைந்தோம்.
உள்ளே இரண்டு மெல்லிய விலா.
யார் சொன்ன யோசனை என்பதில்
எலாதியோவும் சேர்ந்து மூன்று கட்சி.

இன்று அதிகாலை
வாய் திறந்தது.
நான் கை நீட்டுவதற்குள்
தானே விழுந்தது, டொக்கென்று.
நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்பதாம் படியில்
பழைய குவளை ஒன்று இன்னும் இருக்கிறது.
யாரும் எடுக்கவில்லை.
அதில்தான் சிகரெட் சாம்பல் தட்டுகிறார்கள்,
மாடிக்காரர்களும், நாங்களும்.