தோலோடு

மிளகாய் சுடும் அந்த மின்னடுப்பைப்
பாதிப் பாதி காசு போட்டு வாங்கினோம், வெலிச்கா,
டயர் ஆலையில் நமக்கு முதல் போனஸ் வந்த வருடம்.
ஒரு வாளி உயரம், நடுவில் ஒரு குழி.
ஒரு நேரத்தில் மூன்று குடைமிளகாய்தான் நிற்கும்.
செப்டம்பர் முழுக்க வீதின் நகரமே
கருகிய தோல் வாசனையில் தும்மும்.

நீ மூன்றாம் மாடி. நான் நான்காம் மாடி.
என் பால்கனியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் நீல வாளி.
அதில் ஏறி இறங்காதது என்ன?
ஈஸ்ட், காய்ச்சல் மாத்திரை,
உன் பிளாமெனின் ஒற்றைக் காலுறை,
ஒருமுறை
நம் இரண்டு கணவர்களும் தேடிக்கொண்டிருந்த
பிளம் சாராயப் புட்டி.
தரைத்தளத்து ரூமியானா கீழிருந்து கத்துவாள்:
"எனக்கும் ஒரு கயிறு விடுங்களடி,
நான் என்ன பாவம் செய்தேன்!"

மின்சாரம் வந்து வந்து போன அந்தக் குளிர்காலத்தில்
மூன்று வீட்டுப் பிள்ளைகளும் என் சமையலறையில்.
யார் தட்டு யாருடையது என்று பார்க்க
வெளிச்சம் இல்லை.
உன் மாமியாரைப் படுக்கையில் புரட்டிவிட
தினம் இரண்டு முறை இறங்கி வந்தேன்.
என்னைத்தான் மருமகள் என்று நினைத்தபடியே
கண்ணை மூடினாள் அவள்.
நீ திருத்தவில்லை.
"இருக்கட்டும், வசவும் உனக்கே சேரட்டும்" என்றாய்.

என் யோர்தானை அடக்கம் செய்த காலையில்
கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவியவள் நீ.
நான் அழுது முடிக்கும்வரை
கரண்டியோடு நின்றாய்.
கரண்டியை எங்கே வைப்பது என்று
உனக்குத் தெரியவில்லை.

பிறகு நம் பிள்ளைகள் காதலித்தார்கள்.
ரூமியானாவுக்கு முதலில் தெரிந்தது,
நமக்குக் கடைசியில்.
"வாருங்கள், சம்பந்தி" என்று நீ அழைத்த அன்று
சிரிப்பு தாங்காமல்
இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம்.
ஒருத்தி தலையில் ஒருத்தி
இருபது வருடம் சுருள்கட்டை மாட்டியவர்களுக்கு
திடீரென்று என்ன மரியாதை!

ஏழு வருடம்.
அப்புறம் நீதிமன்றம்.
வீட்டைப் பிரித்தார்கள், காரைப் பிரித்தார்கள்,
ஒரு தையல் இயந்திரத்துக்கு இரண்டு வாய்தா.
மின்னடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அது உன் பால்கனியில் இருந்தது.

நீ உன் மகன் பக்கம். நான் என் காலினா பக்கம்.
வேறென்ன செய்வோம்.
படியில் உன் காலடி கேட்டால்
கண்ணாடியில் எண்ணெயாகக் கதவோடு ஒட்டி நிற்பேன்:
இடது முட்டி வலிக்கிறது,
பத்தாம் படியில் நிற்கிறாள்,
பை கனம்.
திறக்க மாட்டேன்.
ரூமியானா இரண்டு வீட்டிலும் தனித்தனியே காபி குடித்தாள்.
"அவள் எப்படி இருக்கிறாள்?" என்றால்,
"நான் தபால்காரி இல்லை."

இரண்டு செப்டம்பர்
கடைப் புட்டியில் வந்ததைத் தின்றேன்.
மூன்றாவதில்
துணி உலர்த்தப் போனவள் அப்படியே நின்றேன்.
வழக்கம்போலக் கருகவிடுகிறாய்.
மூக்கே சொல்லிவிட்டது.

வெறும் வாளியை இறக்கினேன்.
கூப்பிடவில்லை. இருமக்கூட இல்லை.
நெடுநேரம் கயிறு காற்றில் ஆடியது;
டான்யூபில் ஒரு சரக்குப் படகு
முழுதாகக் கடந்து போனது.
அப்புறம் கனத்தது.

ஏழு மிளகாய். கொதிக்கிற சூடு.
கருந்தோல் உரிக்காமல்.

விருந்தாளிக்கு இப்படி யாரும் தருவதில்லை.
சம்பந்திக்கென்றால்
உரித்து, பூண்டு தூவி, எண்ணெய் விட்டு,
மேலே இஸ்திரி போட்ட துணி மூடி வரும்.
தோலோடு வருவது,
"உனக்குக் கை இல்லையா?" என்று
கேட்க முடிந்தவளிடமிருந்து மட்டும்.

உரித்தேன். விரல் நுனி வெந்தது.
ஒன்றைத் தின்றுவிட்டுக் கம்பியில் குனிந்தேன்.
"உப்பு போட்டாயா?"
உன் நரைத்த வகிடு அண்ணாந்து பார்க்கவில்லை;
இடமும் வலமுமாக மெல்ல ஆடியது.
வெளியூர்க்காரன் பார்த்தால்
இல்லை என்றுதான் நினைப்பான்.

பொய், வெலிச்கா. போடவே இல்லை.
உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு
படியிறங்கினேன்.