மாடிப்படி விளக்கு

“மூடுபனிதான் தம்பி காரணம்” என்றார் தங்கவடிவேல்.
ஹப்புத்தளையில் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்:
பஸ் பிந்தினால், தீப்பெட்டி நமுத்தால்,
வரச்சொன்ன மேசன் வராவிட்டால்.

சப்பாத்தைக் கழற்றி
ஈரக் காலுறையோடு உள்ளே போனேன்.
பனி இல்லை ஐயா, என்றேன்.
பனிக்குள் அலை நடந்து போய்விடும்.
அதை நிறுத்துவது உங்கள் சுவர்.

இரண்டடிக் கருங்கல்,
எந்தத் துரையோ குளிருக்குப் பயந்து கட்டியது.
பின்னால் இவர் சேர்த்த இரண்டு அறை, ஒரு மாடி,
அதற்கு மேல் வெள்ளித்தாள் ஒட்டிய தகரம்.
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிய
மூன்று வீடுகள்.

மூன்று வெள்ளைப் பெட்டிகளும் இருந்தன,
மகன் கொழும்பிலிருந்து அனுப்பியவை.
ஒன்று வாசலறையில், வெளிக் கம்பியோடு.
ஒன்று மாடியில், ஜெயசீலி டீச்சரின் மேசையில்.
நடுவிலிருப்பதைத் தேடவேண்டியிருந்தது:
கண்ணாடி அலுமாரிக்குள்,
எவர்சில்வர் தட்டுகளுக்குப் பின்னால்,
பின்னல் துணி போர்த்தி.
“தூசி படும் பாருங்கள்.”

போனைக் கையில் ஏந்தி நடந்தேன்.
வாசலறையில் தொண்ணூறு.
குசினியில் நாற்பது.
படியில் பதினொன்று.
டீச்சரின் மேசையில் நான்கு.
பெட்டியை வெளியே எடுத்து
படியோரத் தட்டில் வைத்தேன்.
மேசையில் அறுபத்திரண்டு.
காசு வாங்கினேன், தேநீர் குடித்தேன்,
கெட்டிக்காரன் நடையில் இறங்கிப் போனேன்.

மறுநாள் இரவு கோல் வந்தது. ஏழரைக்கு நின்றுவிட்டதாம்.

திரும்பப் போய் அலைவரிசையை மாற்றினேன்,
பக்கத்து விடுதியின் ஆறு ரவுட்டர்களும்
அதே சந்தில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.
புது மென்பொருள் ஏற்றினேன்.
அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன்.
அதற்கடுத்த நாளும் ஏழரை.
இப்போது பனியை
நானே சந்தேகிக்கத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாம் தடவை ஒன்றையும் தொடவில்லை.
படியில் உட்கார்ந்தேன்.

மேலே வகுப்பு.
லுணுகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை,
இருபத்தாறு பிள்ளைகள், இரசாயனவியல்.
முழங்காலருகே பெட்டியின் சின்ன வெளிச்சம்.

ஏழு இருபத்தாறுக்கு
தங்கவடிவேல் இஞ்சிப் பிளேன்டீயோடு வந்தார்.
செருப்பைக் கீழேயே விட்டிருந்தார்,
பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று.
கோப்பையைக் கதவோரம் வைத்தார், மூடி போட்டு.
மூச்சுக்கூட விடாமல் என்னைத் தாண்டி இறங்கினார்.
கடைசிப் படியில்,
மின்சார சபையில் முப்பத்துநான்கு வருடம் இருந்த கை
தானாகப் போய் சுவிட்சை அமுக்கியது.

விளக்கு அணைந்தது.
என் முழங்காலருகே பெட்டியும் அணைந்தது.

மேலே டீச்சருக்கு இன்னும் தெரியாது.
“சமநிலை வலப்பக்கம் நகரும்” என்றார்,
“ஏன் நகரும்?” என்று கேட்டார்,
உறைந்துபோன இருபத்தாறு முகங்களிடம்
பதிலுக்குக் காத்திருந்தார், பொறுமையாக.
மேலே இருந்த பெட்டி
இரண்டு கருங்கல் சுவருக்கு அப்பாலிருந்த மூத்ததை
கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கும்.
பிறகுதான் வந்தது அந்தக் குரல்:
“பிள்ளைகள், கேக்குதா? கேக்குதா?”

இருட்டில் நான் கேட்டேன்,
இந்தப் பிளக்கை விளக்கோடு சேர்த்து இழுத்தது யார்?

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“நான்தான். தொண்ணூற்றெட்டில்.
அயன் பண்ண.”

சுவிட்சை மேலே தள்ளி
அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.
சனிக்கிழமை வயர் கொண்டு வருகிறேன், பிரித்து விடலாம்,
அதுவரை எரியட்டும்.

“இரவு பகலாகவா?”
இரவு பகலாக.

கை பாதி வழியில் நின்றது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கைப்பிடியைத் துடைத்தார்.
பிறகு வாய்க்குள் கணக்குப் போட்டார்:
ஒன்பது வோட், இருபத்துநான்கு மணித்தியாலம், நாலு நாள்.

“ஒரு யூனிட்கூட வரவில்லையே” என்றார்,
ஏமாந்தவர் போல.

மேலே யாரோ ஒரு பிள்ளை,
மஸ்கெலியாவோ லுணுகலையோ,
மைக்கைத் திறந்து கத்தியது:
“கேக்குது டீச்சர், கேக்குது!
நகரும்னு சொன்னீங்க,
அதுக்குப் பிறகு இல்ல.”