ற் தீர்ந்த நாள்

குன்னூர் லோயர் பஜார், ஞானாபரணம் அச்சகம்.
நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆடி.
மஞ்சு உள்ளே வந்து தாள்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.
அருவங்காட்டு ஆலைச் சங்கு ஊதியதும்
விளக்கைத் தூண்டிவிட்டுக் கோக்க உட்கார்ந்தேன்.

வெலிங்டனிலிருந்து ஒரு துண்டறிக்கை.
ஒரு தாளில் நாலு பக்கம், நாலிலும் அதே வாசகம்.
அடித்து நாலாய் வெட்டினால் செலவு கால்.
தமிழாக்கியவர் குமாஸ்தா நரசிம்மாச்சாரி,
சிக்கனம் தெரியாத மனுஷர்.
பக்கத்துக்கு ஏழு வெற்றி வைத்திருந்தார்.

வெற்றி நிச்சயம். வெற்றி அருகில்.
வெற்றிக்காக உழை. வெற்றிக்காக வாய் மூடு.

ரங்கூனில் நிலைமை நமக்கே சாதகம் என்றொரு வரி.
அதை நான் கோக்கும்போது
ரங்கூன் எங்கள் பின்கட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.
என் மைத்துனன் பாக்கியநாதன்.
காட்டுவழியே நடந்து வந்து வருஷம் ஒன்றாகியும்
பாதத்தை யாரும் தொட விடமாட்டான்.

ராத்திரியில் கான்ட்ராக்டர் வீட்டு ரேடியோவில்,
கம்பளியைப் போர்த்திச் சன்னமாக வைத்து,
எதிரியின் தமிழையும் கேட்போம்.
நல்ல தமிழ்தான்.
அங்கே ஒருத்தன் பேச ஊரே கை தூக்குமாம்.
இங்கே தூக்காதவன் வேலூர் ஜெயிலில் இருந்தான்.
அவனும் வெற்றி என்றுதான் சொன்னான்,
ஆச்சாரியை விட அழுத்தமாக.
காற்றில் பேசுகிறவனுக்கு எழுத்து தீராது.

எனக்குத் தீர்ந்தது.
மூன்றாம் பக்கம் முடிந்தபோது
ற் அறைக்குள் விட்ட விரல்
வெறும் மரத்தைத் தொட்டது.

இன்னொரு தட்டில் ஒரு நினைவுக் கார்டு கட்டி வைத்திருந்தேன்.
கேத்தி செபமாலையின் மகன், சிப்பாய், அரக்கானில்.
வயது இருபத்தொன்று.
முப்பது கார்டு போதும், காசு கிழங்கு வித்த பிறகு
என்று சொல்லிப் போயிருந்தார் அப்பன்.
பெற்றோர், உற்றார், சுற்றத்தார், மற்றும்
எத்தனை ற் பாருங்கள்.
ஒருவன் செத்தால் மிச்சம் நிற்கிறவர்களுக்கெல்லாம்
அந்த எழுத்து வேண்டியிருக்கிறது.

முதலாளி எட்டிப் பார்த்தார்.
எஸ்தாக்கி, அந்தக் கார்டைக் கலை.
செத்தவன் காத்திருப்பான்.

நான் கலைக்கவில்லை.
வீரம் ஒன்றுமில்லை,
கட்டின நூலை அவிழ்க்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.
நாலாம் பக்கத்தை இருந்ததை வைத்துக் கோத்தேன்.

வெறி நிச்சயம். வெறி அருகில்.
வெறிக்காக உழை. வெறிக்காக வாய் மூடு.

கட்டுக்கட்டாக லாரியில் ஏறிப் போனது,
கோத்தகிரிக்கு, குந்தாவுக்கு, தோட்டத்து லைன்களுக்கு.
நாலில் ஒருவர் கையில் சரியான பிரதி கிடைத்திருக்கும்.

எட்டாம் நாள் கேப்டன் வந்தார், பின்னால் ஆச்சாரி.
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல
இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
ஓர் எழுத்துதானே குறைகிறது,
அர்த்தம் மாறுமா என்று கேட்டார்.
ஆச்சாரி என்னைப் பார்த்தார்.
பின்கட்டில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி
அங்கவஸ்திரத்தில் ரொம்ப நேரம் துடைத்தார்.

ஏறத்தாழ ஒன்றுதான், துரை.

அதோடு போயிற்று.
இதைக் கதையாகச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
நானும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம்.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து, நெருக்கடி நிலையில்,
இன்னொரு வாசகம் வந்தது.
இந்த முறை நம்மவர்கள், நம் முத்திரை.
குறைவாகப் பேசு, கட்டுப்பாட்டோடு இரு.
ஊட்டியிலிருந்து வந்த அதிகாரி சின்னப் பையன்,
புது ஸ்வெட்டரில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.
எழுத்தெல்லாம் போதுமான அளவு இருக்கிறதா என்றான்.

மெட்ராஸிலிருந்து அப்போதுதான் வார்ப்பு வந்திருந்தது.
அறை நிறைய ற், பளபளவென்று.
இருக்கிறது சார் என்றேன்.
கோத்தேன்.
ஒரு புள்ளி பிசகவில்லை.

அன்றைக்கு எந்தத் தட்டிலும் கார்டு ஏதும் இல்லை.
இருந்ததா என்று நான் தேடவும் இல்லை.