முதுகுப் பக்கத்துக் கோடு

மூன்று கணினிகள், மூன்று கடிகாரங்கள்.
நேற்றிரவு பிராம்ஃபோன்டைனில் மின்சாரம் போய்
இரண்டரை மணி நேரம் கழித்து வந்தபோது
மூன்றும் எழுந்து மூன்று நேரம் சொல்லின.
கேள்வி கிளம்புவதற்கு முன்பே
பதில் வந்து சேர்ந்ததாக
ஒன்று கூசாமல் எழுதி வைத்திருந்தது.
என் முனைவர் பட்டம் இதைப் பற்றித்தான்.
சுருக்கமாகக் கேட்பவர்களிடம் சொல்வேன்:
எது முதலில் நடந்தது?
அவ்வளவுதான்.
ஐந்தாவது வருஷம்.

கடிகாரத்தை நம்பாதே.
கைக்கு ஒரு கடிதம் வந்தால்
அதற்கு முன்னால் யாரோ எழுதியிருக்கிறார்கள்,
அதை மட்டும் நம்பு.
ஒன்றையொன்று அறியாத இரண்டு காரியங்களில்
முந்தியது எதுவென்று கேட்பதே பிழை.
இதை நிரூபிக்கப் பதினேழு பக்கம் ஆனது எனக்கு.

மீதி நேரமெல்லாம் சீனாவில்,
சின் காலத்துக் குமாஸ்தா ஒருவனின் கல்லறையில்.
தலைமாட்டில் மூங்கில் ஏடுகள்,
முழுக்கச் சட்டம்.
தானியக் கிடங்கில் மூன்று எலிவளை இருந்தால்
ஒரு கேடயம் அபராதம்.
இரண்டு என்றால் வசவோடு போயிற்று.
ஏடுகளைக் கட்டிய நார் மக்கி
சேற்று நீரில் எல்லாம் கலைந்து கிடந்தன.
சுற்றி நின்றவர்கள் கேட்டதும்
என் கேள்விதான்.

வேறொரு கட்டு, வேறொரு காலம்.
யாரோ ஏட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.
முதுகில் கத்தியால் சாய்வாக ஒரு கீறல்,
ஏட்டுக்கு ஏடு ஒரு நூலளவு இறங்கி.
அடுத்தடுத்து வைத்தால் ஒரே கோடு.
எழுதுமுன்பே கீறி வைத்தவனுக்குத்
தெரிந்திருக்கிறது, இது கலையும் என்று.
அதைப் படித்த இரவு
நான் தூங்கவில்லை.

கமிஷனர் தெருவின் மேற்குக் கோடியில்
மிசஸ் பொன்னின் சாப்பாட்டுக் கடை.
தங்கம் தோண்டிய ஊரில் பெயரே பொன் என்றேன்,
தமிழில் அர்த்தம் சொல்லி.
"கடன்காரர்களிடம் சொல்லாதே" என்றாள்.
அவளுக்குச் சீனம் படிக்க வராது,
ஆஃப்ரிகான்ஸில் அழகாகத் திட்டுவாள்.
"உனக்கென்று ஒரு சரித்திரம் இல்லையா, தவஷ்னி?"
லெனேசியாவில் என் அத்தையும் இதையே கேட்கிறாள்.

இருக்கிறது. படித்துவிட்டேன்.
டர்பனில் இறங்கிய கப்பலின் பட்டியல்:
எண், பெயர், தகப்பன் பெயர்,
வயது, உயரம், உடம்பில் தழும்பு.
ஓர் எண்கூடப் பிசகவில்லை.
உள்ளே ஆள்தான் இல்லை.
அந்தக் குமாஸ்தாவோ,
வரிசை போனாலும்
எலிவளை எண்ணக் குனிந்த முதுகோடு
அங்கேயே இருக்கிறான்.

மிசஸ் பொன் பதில் சொல்லுமுன் மின்சாரம் போயிற்று.
இருட்டில் யாரோ இடித்து
ஆணியில் குத்தியிருந்த ஆர்டர் சீட்டுகள்
தரையெங்கும் சிதறின.
கைபேசி வெளிச்சத்தில் முட்டி போட்டு
எது முந்தி, எது பிந்தி என்று
நான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் நிமிர்ந்து கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.
குழந்தை அழுத மேஜைக்கு
முதல் கிண்ணம் போயிற்று.

திங்கட்கிழமை ஆய்வேட்டின் அச்சுப் பிரதியைக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பேராசிரியர் க்ரோபலர் புரட்டவில்லை,
தாள்க்கட்டின் ஓரத்தையே பார்த்தார்.
பேனாவால் சாய்வாக ஒரு நீலக் கோடு,
மேலிருந்து கீழ்வரை.
"பக்க எண்கள் இருக்கின்றனவே" என்றார்.

இருக்கின்றன என்றேன்.